நேசித்தவன் கொல்லமாட்டான்!

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரத்திலிருந்து கடலை ஒட்டியே கிழக்கே போனால் பூசியோஸ் என்ற ஊர் வரும். மீனவர் குடிசைகளைத் தவிர வேறெதுவும் இல்லாத கிராமம் அது. 1964-ல் பிரெஞ்சு கனவுக்கன்னி பிரிஜித் பார்தோ அங்கே வந்து தங்கியதுதான் தாமதம்... பணக்காரர்களின் சொர்க்கமாக மாறிவிட்டது! அங்குள்ள ஒரு கடற்கரைக்கு 'எலும்புகளின் கடற்கரை' என்று பெயர். திமிங்கிலங்களை வேட்டையாடிய காலத்தில் மிச்சமான எலும்புகள் அங்கே குவிந்து கிடந்ததால் வந்த பெயர்.

1976, டிசம்பர் 30. ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தக் கடற்கரை வீடு ஒன்றில், ஆஞ்செலா டினிஸ் என்ற முப்பத்திரண்டு வயதுப் பெண் தன் காதலனிடம், 'போதும், வீட்டை விட்டுப் போய்விடு' என்று சொன்னார். காதலன் பெயர் டோகா ஸ்ட்ரீட். வயது 42. இருவரும் சேர்ந்து வாழ ஆரம்பித்து மாதக்கணக்கில்தான் ஆகியிருந்தது. ஆஞ்செலாவுக்காக மனைவி, குழந்தையை எல்லாம் விட்டுவிட்டு வந்தவர் டோகா.

டோகா பெட்டியைக் கட்டிக்கொண்டு காரில் ஏறிக் கிளம்பினார். கொஞ்ச தூரம் போனதும் காரைத் திருப்பினார். மறுபடி வீட்டுக்குள் வந்து கெஞ்சினார். ஆஞ்செலா மசியவில்லை. டோகாவின் கையில் இருந்தது ஒரு பெரெட்டா கைத்துப்பாக்கி. நாலு குண்டுகள். மூன்று முகத்தில். ஒன்று பின்னந்தலைப் பக்கம்.

டோகா தப்பி ஓடிவிட்டார். சில வாரங்கள் கழித்து, தானே வந்து சரணடைந்தார்.

யார் சுட்டது என்பதில் துளிகூடச் சந்தேகம் இல்லை. சுட்டவரே ஒப்புக்கொண்டாகிவிட்டது. 'அப்புறமென்ன... கேஸ் முடிந்ததே!' என்றுதானே நினைக்கிறீர்கள்? கேஸே இனிமேல்தான் ஆரம்பம்!

1979, அக்டோபர். காபோ ஃப்ரியோ என்ற சிறு நகரத்தின் நீதிமன்றம். உள்ளே நுழைய முடியாத கூட்டம். நாடு முழுவதும் ரேடியோவையும் டி.வி-யையும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டோகாவுக்காக வாதாட வந்தவர் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. எவான்ட்ரோ லின்ஸ் எ சில்வா. பிரேசிலின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்து, ராணுவ ஆட்சியால் பதவி பறிக்கப்பட்டவர். அரசியல் கைதிகளுக்காகத் துணிந்து வாதாடியவர். ஜனநாயகவாதிகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர். அப்போது அவருக்கு வயது 67.

அந்தப் பெரிய மனிதர் செய்தது என்ன தெரியுமா? கொலைகாரனை விட்டுவிட்டுக் கொலையானவரைக் கூண்டில் ஏற்றினார்!

ஆஞ்செலா கணவனைப் பிரிந்தவர். மூன்று குழந்தைகளுக்குத் தாய். (பிரேசிலில் விவாகரத்துச் சட்டமே 1977 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை பிரிந்து வாழலாம், மறுமணம் செய்துகொள்ள முடியாது. 'புருஷனைப் பிரிந்தவள்' என்பதே ஒரு கெட்ட பெயர்.) அழகி, பணக்காரி, பார்ட்டிகளுக்குப் போகிறவர், பத்திரிகைகள் 'மினாஸின் பெண் சிறுத்தை' என்று பட்டம் கொடுத்து எழுதிய பெண். இது போதாதா? ஆஞ்செலா யாரோடு பழகினார், என்ன குடித்தார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக அலசப்பட்டது. கடற்கரையில் சந்தித்த ஒரு ஜெர்மன் பெண்ணிடம் அவர் ஆர்வம் காட்டியதாகச் சொல்லி, அதையும் இழுத்தார்கள். ஆண்களை ஆட்டிப்படைத்த காமக்கிழத்தியாகவும், அவளுடைய வலையில் விழுந்து மானத்தைத் தொலைத்த அப்பாவியாக டோகாவும் அங்கே வரையப்பட்டார்கள். தன் தரப்பைச் சொல்ல ஆஞ்செலா எழுந்து வரப் போவதில்லையே!

வாதத்தின் சாரம் இதுதான் - 'மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த தற்காப்பு'. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவன் இன்னொருவனை அடிப்பது தற்காப்பு. அதேபோல, தாக்கப்பட்ட மானத்தைக் காப்பாற்றச் சுடுவதும் தற்காப்புதானாம்! 'கொஞ்சம் அளவு மீறிவிட்டார்... அவ்வளவுதான்' என்பது வக்கீலின் சமாதானம். முகத்தில் மூன்று குண்டு, பின்னந்தலையில் ஒன்று. இது 'கொஞ்சம்' அளவு மீறல்!

ஏழு பேர் கொண்ட ஜூரி அதை ஏற்றுக்கொண்டது. தண்டனை, இரண்டு வருஷம். அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. டோகா அன்றைக்கே வெளியில் நடந்து வந்தார். வெளியில் காத்திருந்த கூட்டம் கைதட்டியது!

ஒன்றைக் கவனியுங்கள். ஆஞ்செலா அவருடைய மனைவிகூடக் கிடையாது. சில மாதத் துணை. அந்த வீடும் டோகாவுடையது இல்லை. 'போய்விடு' என்று சொல்ல ஆஞ்செலாவுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அப்படியானால் டோகா இழந்தது எந்த மானத்தை? 'இவள் எனக்குச் சொந்தம்' என்ற நினைப்பைத்தான்!

இந்த நினைப்பு டோகா கண்டுபிடித்தது அல்ல. அதற்கு முன்னூற்றி எழுபது வருஷத்துப் பழைய பத்திரம் இருந்தது.

பிரேசில் போர்ச்சுகல்லின் காலனியாக இருந்த காலம். 1603-ல், அப்போது ஸ்பெயினையும் போர்ச்சுகல்லையும் சேர்த்தே ஆண்ட மன்னர் ஃபிலிப்பின் பெயரால் ஒரு சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்தது. அதன்படி, மனைவியைக் கள்ள உறவில் பிடிக்கும் கணவன், அவளையும் அவளுடைய கள்ளக்காதலனையும் கொன்றுவிடலாம். குற்றமில்லை! ஆனால், அதில் ஒரு நிபந்தனை. கணவன் சாதாரண ஆளாக இருந்து, கள்ளக்காதலன் பிரபுவாகவோ பெரிய நீதிபதியாகவோ இருந்தால், அந்தப் பெரிய மனிதர்மீது கை வைக்கக்கூடாது! ரத்தம் கொதித்து, கண் இருண்டு, தன்னை மறந்த நிலையில் கணவன் கொல்கிறான் என்பதுதானே இந்தச் சலுகைக்குச் சொல்லப்படும் காரணம்? தன்னை மறந்த அந்த நிலையிலும், எதிரே இருப்பவர் பிரபுவா, இல்லையா என்பது மட்டும் கணவனுக்கு ஞாபகம் இருக்க வேண்டுமாம்! புருஷன் தப்பு செய்தால் மனைவி என்ன செய்யலாம்? அவளுக்கு அப்படியொரு உரிமையே கிடையாது.

1830-ல் சுதந்திர பிரேசில் புதிய குற்றவியல் சட்டம் எழுதியபோது அந்த அனுமதி ஒழிந்தது. காகிதத்தில்தான். 1890 சட்டத்தில், 'புலன்களும் புத்தியும் முழுக்க மழுங்கிப்போன நிலையில்' செய்த செயல் குற்றமாகாது என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். மனைவியைக் கொன்ற கணவன்மார்கள் வரிசையாக அந்தக் கதவு வழியாக வெளியேறினார்கள். 1940 சட்டம், 'உணர்ச்சிவசப்பட்டேன் என்பது மன்னிப்புக்குக் காரணமாகாது' என்று அந்தக் கதவையும் சாத்தியது. வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்துச் சுவரில் ஓட்டை போட்டார்கள். அதுதான் 'மானத்துக்கான தற்காப்பு'. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இந்த வார்த்தைகள் கிடையாது. ஆனால், ஜூரிகளின் மண்டைக்குள் இருந்தது. பிரேசில் ஜூரிகள் ரகசியமாக ஓட்டுப் போடுவார்கள். ஏன் விடுதலை என்று யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

'லத்தீன் அமெரிக்கக்காரர்களுக்கே கோபம் ஜாஸ்தி' என்று நாம் நகர்ந்துவிட முடியாது. நெப்போலியனின் 1810 தண்டனைச் சட்டத்திலும், தன் வீட்டில் மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொல்லும் கணவனுக்குச் சலுகை இருந்தது. நாகரிக பிரான்ஸ் அதை நீக்கியது 1975-ல்தான்! முசோலினி காலத்து இத்தாலியச் சட்டம் (1930) இன்னும் தாராளம். கள்ள உறவு தெரிந்த ஆத்திரத்தில் மனைவியை மட்டுமல்ல, மகளையோ சகோதரியையோ கொன்றாலும் மூன்றிலிருந்து ஏழு வருஷம்தான் தண்டனை. அது ஒழிந்தது 1981-ல்.

இங்கிலாந்தில் 1707-ல் தலைமை நீதிபதி ஹோல்ட், மனைவியின் கள்ள உறவைக் கணவனுடைய சொத்தில் நடக்கும் ஆகப்பெரிய அத்துமீறல் என்ற ரீதியில் தீர்ப்பு எழுதினார். ஆமாம், சொத்து! 'ஆத்திரமூட்டல்' என்ற அந்த வாதத்தை இங்கிலாந்து ஒழித்துக்கட்டியது 2009-ல் இயற்றிய சட்டத்தில்தான். வெள்ளைக்காரர்கள் நமக்கு எழுதிக் கொடுத்த 1860 தண்டனைச் சட்டத்திலும் 'கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்' என்ற விதிவிலக்கு இடம்பெற்றது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே தொடர்கிறது.

காபோ ஃப்ரியோ கூட்டம் கைதட்டியதோடு இந்தக் கதை முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம், அந்தக் கைதட்டலை டி.வி-யில் பார்த்த பெண்கள்.

1979 பிரேசிலுக்கு ஒரு முக்கியமான வருஷம். ராணுவ ஆட்சி கொஞ்சம் இறங்கிவந்து, ஆகஸ்ட்டில் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. நாடு கடந்து வாழ்ந்தவர்கள் திரும்பினார்கள். ஐரோப்பாவில் பெண்கள் இயக்கங்களைப் பார்த்து, பழகிவிட்டு வந்த பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அடுத்த வருஷம் ஆஞ்செலாவின் சொந்த ஊரான பெலோ ஹொரிசோன்டேயில், வசதியான குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு பெண்கள் அடுத்தடுத்துக் கணவர்களால் கொல்லப்பட்டார்கள். 1980 ஆகஸ்ட்டில் பெண்கள் நூற்றுக்கணக்கில் ஒரு தேவாலயத்தின் படிக்கட்டுகளில் திரண்டார்கள். அப்போது பிறந்தது ஒரு கோஷம் - 'நேசித்தவன் கொல்லமாட்டான்!'

போர்ச்சுகீசிய மொழியில் நாலே நாலு வார்த்தைகள். முன்னூறு வருஷ சட்ட வாதத்தின் அடிவயிற்றில் குத்தியது அந்தக் கோஷம். ஏனென்றால் டோகாக்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான் - 'அளவுகடந்த காதலால் கொன்றேன்.' அந்த முகமூடியைத்தான் முதலில் பிடுங்கினார்கள்.

1981 மார்ச்சில் இன்னொரு அதிர்ச்சி. லின்டோமார் காஸ்டிலியோ என்ற பிரபல பாடகர், தன்னைவிட்டுப் பிரிந்துபோன மனைவியைச் சுட்டுக் கொன்றார். எலியான் டி கிராமான்ட் என்ற அந்தப் பெண்ணும் பாடகிதான். சாவ் பாலோவின் இரவு விடுதி ஒன்றில், மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே குண்டு பாய்ந்தது. இந்த முறை ரசிகர்கள் கைதட்டவில்லை. லின்டோமாருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் சிறைத்தண்டனை கிடைத்தது.

டோகாவின் முதல் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தாகி, 1981 நவம்பரில் மறு விசாரணை. அதே ஊர். ஆனால், வெளியே இருந்த கூட்டம் வேறு. பெண்கள் பேனர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த முறை ஜூரிகள் கொடுத்தது பதினைந்து வருஷம்! டோகா தண்டனையின் ஒரு பகுதியை அனுபவித்துவிட்டு வெளியே வந்தார். 2006-ல் ஒரு புத்தகமும் எழுதினார். 2020 டிசம்பரில், 86-வது வயதில் இறந்தார். ஆஞ்செலாவுக்குக் கிடைத்த ஆயுளைவிட ஐம்பத்து நாலு வருஷம் கூடுதல்.

சரி, நீதி ஜெயித்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். 1991-ல் பிரேசிலின் மேல் நீதிமன்றம் இன்னொரு வழக்கில், 'மானத்துக்காகக் கொன்றேன் என்பது செல்லாது' என்று சொல்லி மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. மறு விசாரணையில் கீழ்க்கோர்ட் ஜூரிகள் என்ன செய்தார்கள்? அதே காரணத்துக்காக அதே ஆளை மறுபடியும் விடுதலை செய்தார்கள்!

மரியா டா பென்யா என்ற பெண்ணின் கதை இன்னொரு கொடுமை. 1983-ல் தூங்கிக்கொண்டிருந்தவரைக் கணவனே முதுகில் சுட்டான். 'திருடர்கள் சுட்டார்கள்' என்று நாடகமாடினான். இடுப்புக்குக் கீழே செயலிழந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மனைவியைக் குளியலறையில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப் பார்த்தான். தண்டனை விதிக்கப்பட்டும் அப்பீல், மேல் அப்பீல் என்று பத்தொன்பது வருஷம் இழுத்தடித்தான். மரியா, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம்வரை போனார். 2001-ல் அது பிரேசில் அரசின் தலையில் ஓங்கிக் குட்டிய பிறகுதான், 2002-ல் கணவன் உள்ளே போனான். 2006-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை மக்கள் இன்றும் மரியாவின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

பெண் என்பதற்காகவே நடக்கும் கொலைக்கு 2015-ல் தனிச் சட்டம் வந்தது. கடைசியில் 2023 ஆகஸ்ட் 1-ம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இறுதித் தீர்ப்பு சொன்னது. 'மானத்துக்கான தற்காப்பு' என்ற வாதம் அரசியல் சட்டத்துக்கே விரோதம். வக்கீல், போலீஸ், நீதிபதி என யாருமே அதை வாயில் எடுக்கக்கூடாது! ஆஞ்செலா எந்த நீதிமன்றத்தில் ஓய்வுபெற்ற நீதிபதியின் நாவால் இரண்டாவது முறை கொல்லப்பட்டாரோ, அதிலிருந்து கணக்குப் போட்டால்... நாற்பத்து நாலு வருஷம்.

சட்டம் இத்தனை நூற்றாண்டுகளாக நம்பிய பொய்கள் இரண்டு. ஒன்று, 'காதலால் கொன்றான்'. அதை பிரேசில் பெண்கள் உடைத்தார்கள். இரண்டாவது, 'திடீரென்று கொன்றான்'. இதை உடைத்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள்.

பிரிட்டனில் போலீஸ் அதிகாரியாக இருந்து பேராசிரியரானவர் ஜேன் மாங்க்டன் ஸ்மித். துணைவனாலோ முன்னாள் துணைவனாலோ நடந்த 372 கொலைகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். 2019-ல் வெளியான அவருடைய ஆய்வில், கொலைக்கு எட்டுப் படிகள் தெரிந்தன. முதலில், அவனுக்கு ஏற்கெனவே பெண்களைத் துன்புறுத்திய சரித்திரம் இருக்கும். இரண்டாவது, உறவு மின்னல் வேகத்தில் வளரும். மூன்றாவது, கட்டுப்பாடு. யாரோடு பேசினாய், எங்கே போனாய் என்ற விசாரணை. நாலாவது, ஒரு பொறி. பெரும்பாலும் 'நான் போகிறேன்' என்று அவள் சொல்வது. ஐந்தாவது, கெஞ்சல், மிரட்டல், தற்கொலை செய்துகொள்வேன் என்ற பயமுறுத்தல், பின்தொடர்தல். ஆறாவதில் அவன் மனம் வேறு முடிவுக்கு வருகிறது. ஏழாவது, திட்டம். எட்டாவது, கொலை.

'கண்மூடித்தனமான ஆத்திரம்' என்று நாம் பேப்பரில் படிப்பது எட்டாவது படியை மட்டும்தான். மீதி ஏழையும் யாராவது பார்த்திருப்பார்கள். அம்மா, தோழி, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், சில சமயம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்கூட!

அமெரிக்காவில் ஜாக்குலின் காம்பெல் என்ற நர்ஸிங் பேராசிரியர் இதற்கு முன்பே வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். பதினோரு நகரங்களில் நடந்த கொலைகளை வைத்து அவருடைய குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு, எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருக்கும் ஆணைவிட்டுப் பெண் பிரியும்போது கொலை அபாயம் சுமார் ஒன்பது மடங்கு எகிறுகிறது என்றது. அவர் தயாரித்த கேள்வித்தாளை ஆஸ்பத்திரிகளிலும் காப்பகங்களிலும் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? எப்போதாவது உன் கழுத்தை நெரித்திருக்கிறானா? உன் அன்றாட வேலைகளை எல்லாம் அவனே தீர்மானிக்கிறானா? கடந்த ஒரு வருஷத்தில் அவனைப் பிரிந்தாயா? இன்னொரு விஷயம்தான் நெஞ்சைப் பிசைகிறது. கொல்லப்பட்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அவன் தன்னைக் கொல்லக்கூடும் என்று நம்பவே இல்லை.

உலகக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கொலையாகும் மனிதர்களில் ஐந்தில் நாலு பேர் ஆண்கள்தான். ரோட்டில், பாரில், கோஷ்டித் தகராறில் விழுகிறார்கள். ஆனால், பெண்கள்? ஐ.நா. கணக்குப்படி 2023-ல் உலகம் முழுக்கக் கொலையான பெண்கள், சிறுமிகள் சுமார் 85,000 பேர். அதில் 51,100 பேரை, அதாவது நூற்றுக்கு அறுபது பேரைக் கொன்றது துணைவனோ குடும்பத்தாரோதான். ஆண்களில் அப்படி வீட்டாரால் கொல்லப்படுகிறவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். ஒரு நாளைக்கு 140 பெண்கள். 'ராத்திரியில் வெளியே போகாதே, ஆபத்து' என்று காலங்காலமாகப் பெண்களுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். கணக்கு உள்பக்கமாகக் கைகாட்டுகிறது!

பிரேசிலிலேயே, இத்தனை சட்டங்களுக்கும் பிறகு, 2024-ல் 1,492 பெண்கள் இப்படிக் கொல்லப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. தினமும் நாலு ஆஞ்செலாக்கள். அங்கே 2024 அக்டோபரில் தண்டனையை இருபதிலிருந்து நாற்பது வருஷம்வரை உயர்த்திவிட்டார்கள். நல்லதுதான். ஆனால், தண்டனை என்பது எட்டாவது படிக்குப் பிறகு வருவது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் மூன்றாவது, நாலாவது படியிலேயே யாராவது குறுக்கே நின்றாக வேண்டும்.

அங்கேதான் நாம் வருகிறோம். 'அவனுக்கு உன்மேல உசுரு, அதான் சந்தேகப்படறான்' என்று பெண்ணுக்குச் சமாதானம் சொல்லும்போது, நாம் அந்த காபோ ஃப்ரியோ ஜூரியில் ஓர் ஆளாகிவிடுகிறோம். 'கடைசியா ஒரே ஒரு தடவை பேசிட்டுப் போயிடறேன்' என்று அவன் வந்து நிற்கும்போதும், விட்டுவந்த துணிமணியை எடுக்க அவள் கிளம்பும்போதும், அவளைத் தனியாக அனுப்பிவைக்கக்கூடாது. டோகாவும் பெட்டியோடு போய்விட்டுத்தான் திரும்பி வந்தார்.

'காதல் தோல்வியில் வாலிபர் வெறிச்செயல்' என்று நாளைக்குக் காலையில் ஏதாவது ஒரு பேப்பரில் தலைப்பு வரலாம். படிக்கும்போது அந்த முதல் இரண்டு வார்த்தைகளை மனசுக்குள் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் செய்தி. அதற்கு முந்தின ஏழு படிகளில் யார் யார் என்ன பார்த்தார்கள் என்பதுதான், அந்தப் பேப்பர் எழுதாமல் விட்ட பாதிக் கதை.